மலையும் மழையும் மாந்தரும்

நான் கல்வி பயின்ற மிஷன் பாடசாலையின் மேல்வகுப்பறைச் சுவரிலே பழையதோர் உலகப்படம் தொங்கியது. வெப்ப வனங்கள், பாலைநிலங்கள், புல்வெளிகள், பருவக்காற்று நாடுகள், பனிநிலங்கள் என உலகம் பல பிரதேசங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் பூசப்பெற்று விளங்கிற்று. பருவக்காற்று நாடுகளின் தென்கோடியில் ஒரு முத்துப்போல இலங்கை. அதன் நடுவிலே கபில நிறத்தில் ஒரு புள்ளி. புள்ளியின் அருகே "தேயிலை" என்று ஒரேயொரு சொல். பரீட்சையின் பொருட்டு அச்சொல்லை நாங்கள் மனனஞ் செய்தோம். பிரேசில் என்றாற் கோப்பி, கியூபா என்றாற் சீனி, இலங்கை என்றால் தேயிலை. அந்த ஒரு சொல்லுக்குள்ளே என் முன்னோரும், அவர்கள் நடந்துவந்த வழியும், நான் பிறந்த லயமும் மறைந்து கிடந்தமையை அக்காலத்தில் நான் உணர்ந்தேனல்லேன்.

அந்நாட்களிலே ஒருமுறை, "எனது ஊர்" என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதிவரும்படி ஆசிரியர் பணித்தார். வீட்டுக்கு வந்து, "நமது ஊர் எது?" என்று அப்பாயியைக் கேட்டேன். "நமக்கு ஊரு துறையூருப் பக்கம், ராசா. இது தோட்டமில்ல?" என்றார் அவர். அப்பாயி துறையூரைக் கண்டவரல்லர். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வத்தேகமைக்கு மேலேயுள்ள மலைச்சரிவுகளிலேயே. அவருடைய தாயும் இங்கேதான் பிறந்தார். ஆயினும், காணாத கிராமம் ஊராகவும், கண்டு வாழ்ந்து உழைத்த மலை வெறுந் தோட்டமாகவும் அவர் மனத்தில் நிலைத்திருந்தன. அஃது ஏன் என்ற வினாவுக்கு விடைதேடும் முயற்சியே இக்கட்டுரை. அவ்விடை பாதி பூமிசாத்திரத்திலும் பாதி சரித்திரத்திலும் கிடக்கின்றது.

நிலமும் பொழுதும்

நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் ஒன்றாக வைத்து நோக்குதல் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். அங்கு வாழும் மாந்தரின் உணர்வொழுக்கத்தை உரிப்பொருள் என்றார். இக்காலப் பல்கலைக்கழகங்களில் பௌதிகப் புவியியல் என்றும் மானிடப் புவியியல் என்றும் இரு பிரிவாகக் கற்பிக்கப்படுவனவற்றின் வித்து இவ்வகுப்பிலே உண்டு எனலாம்.

ஆனால் நிலமே மனிதனை முழுவதும் ஆட்டிவைக்கிறது என்று கொள்வது தவறு. பிரான்சு தேசத்துப் புவியியலறிஞர் விடால் தெ லா பிளாஷ் (1845-1918) என்பார், இயற்கை பல வழிகளைத் திறந்துவைக்கிறது, அவற்றுள் எவ்வழியிற் செல்வதென்பதை மனிதனே தெரிந்துகொள்கிறான் என்ற கருத்தை வலியுறுத்தினார். இவ்வுண்மைக்கு நமது கண்டி மலைநாட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை உலகப்படத்திலே தேடிக் காணல் அரிது.

மலையின் அமைப்பு

வத்தேகமைப் புகையிரத நிலையத்தில் நின்று கிழக்கே நோக்குவோமாயின் பன்வில, மடுல்கலைப் பக்கத்து மலைகள் அடுக்கடுக்காய் எழுந்து தோன்றும். அவற்றுக்கப்பால் மடக்கிய கைமுட்டியின் கணுக்கள்போல நிற்கும் சிகரங்களைக் கண்டே ஆங்கிலேயர் அத்தொடருக்கு "நக்கிள்ஸ்" என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலைத்தொடர் என்பர். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய கொம்பனிய 1,906 மீற்றர் உயரமுடையது. 2010ஆம் ஆண்டில் இம்மலைத்தொடரின் காப்புவனம், சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஓட்டன் சமவெளியோடுஞ் சேர்த்து உலக மரபுரிமையாக யுனெஸ்கோவினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இம்மலைகளின் கற்கள் உலகிலுள்ள மிகப் பழைய கற்களைச் சார்ந்தவை. கடுவெப்பத்தாலும் பேரமுக்கத்தாலும் உருமாறிய பாறைகள் இவை. இடையிடையே பளிங்குச் சுண்ணக்கல்லும் காணப்படும். திகனையிலும் மாத்தளையிலும் அதனை வெட்டியெடுக்கின்றனர். இதே இனப் பாறைகள் தென்னிந்தியாவிலும் மடகாஸ்காரிலும் உண்டு. கொண்டுவானா எனப்படும் பெருநிலத்தில் இலங்கையும் இந்தியாவும் ஆபிரிக்காவும் ஒன்றாயிருந்த காலத்தின் சாட்சி அவை. பாக்கு நீரிணை ஆழமற்றது. பூமியின் வயதை நோக்க நேற்றுத் தோன்றிய ஒரு சிற்றோடை போன்றது. ஆகவே இக்கரைக் கல்லும் அக்கரைக் கல்லும் உறவினவே. மனிதர்க்கே கடவுச்சீட்டு வேண்டியிருக்கிறது.

மலைகளுக்குத் தெற்கே தும்பறைப் பள்ளத்தாக்கு. இலங்கையின் மிக நீண்ட நதியாகிய மகாவலி, தென்மேற்கு மலைகளிற் பிறந்து, கம்பளை, பேராதனை வழியாக வடக்கே வந்து, கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்துக்கொண்டு, இப்பள்ளத்தாக்கிற் புகுந்து, பின்னர் வடக்கு நோக்கித் திரும்பி, 335 கிலோமீற்றர் கடந்து, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவிலே கடலை அடைகின்றது. மலை சூழ்ந்தமையால் மழை ஒப்பளவிற் குறைந்த இப்பள்ளத்தாக்கிலே கொக்கோவும் புகையிலையும் பயிரிடப்பட்டன. மழை மிகுந்த மேற்சரிவுகளிலோ தேயிலை. சில மைல் தூரத்துக்குள் நிலமும் மழையும் பயிரும் இவ்வாறு மாறும் இடங்கள் உலகிற் பலவல்ல.

ஒரு காற்று, இரு நாடுகள்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய ஒரு செய்திக்கு வருவோம்.

வைகாசி முதல் புரட்டாதி வரை இந்துமாகடலிலிருந்து வீசுவது தென்மேல் பருவக்காற்று. நீராவி சுமந்து வரும் அக்காற்றைத் தென்னிந்தியாவிலே மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கின்றது. இலங்கையிலே நமது மத்திய மலைநாடு தடுக்கின்றது. தடுக்கப்பட்ட காற்று மேலெழுந்து குளிர்ந்து மழையாகப் பொழிகின்றது. கேரளம் நனைகின்றது, நமது மலைகளின் மேற்குச் சரிவுகளும் நனைகின்றன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்கும்போது அக்காற்று ஈரம் இழந்த வறட்காற்றாகிவிடுகின்றது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகள் மழைமறைவிலே கிடக்கின்றன. அப்பகுதிகள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகீழ் மழையையே பெரிதும் நம்பி வாழ்வன. அதுவும் பொய்த்தால் ஏரி வறளும். ஏரி வறண்டால் வயல் வெடிக்கும்.

ஆகவே ஒரே காற்றுத்தான் நமது மலையைப் பசுமையாக்கியது. அதே காற்றுத்தான் நம் முன்னோரின் சமவெளியை வறளவிட்டது. வறண்ட நிலத்திலிருந்து நனைந்த நிலத்துக்கு மக்கள் வந்தனர். இதனைப் படத்திலே அம்புக்குறி இட்டு எளிதிற் காட்டிவிடலாம்.

எனினும் இங்கே நாம் ஒருகணம் நின்று சிந்தித்தல் வேண்டும். மழை பொய்த்தபோது நிலவுடைமையாளனின் வயலுக்கும் பொய்த்தது. கூலியாளின் ஊருக்கும் பொய்த்தது. ஆயினும் எல்லாரும் கடல் கடந்தாரல்லர். சொந்த நிலமும் கிணறும் களஞ்சியமும் உடையவர் ஊரிலே தங்கினர். நிலமற்றவரும், கடன்பட்டவரும், சாதிக் கொடுமையால் ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டவருமே பெரும்பாலும் புறப்பட்டனர். மழையின்மையைப் பட்டினியாக்கியது மனித சமுதாயமே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்திலே இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இலங்கைக்குப் புறப்பட்டோர் தொகையும் அப்போது பெருகிற்று. காற்றின்மேற் பழியைப் போட்டுவிட்டு மனிதர் தப்பிக்கொள்ளுதல் நியாயமாகாது.

மலை அரணாய் நின்ற காலம்

கூலிகளாக நம் முன்னோர் வருமுன் இம்மலைகள் யாருமற்ற வனாந்தரங்களாய்க் கிடந்தன என்று எண்ணுவோர் உளர். அது பெருந்தவறு. பள்ளத்தாக்குகளிலே வயலும், மேட்டிலே சேனையும், வீட்டைச் சூழ்ந்து பலாவும் கமுகுமாகச் சிங்கள உழவர்களின் கிராமங்கள் விளங்கின. காட்டையும் அவர்கள் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் விறகுக்கும் பயன்படுத்தினர்.

மலையும் ஆறும் காடும் கண்டி இராச்சியத்துக்கு மதிலும் அகழியுமாயின. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயரின் படைகள் அழிந்தன. ஒல்லாந்தராலும் கண்டியை நிலையாகப் பிடிக்க முடியவில்லை. 1803ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே மேஜர் டேவி என்பாரின் தலைமையிலிருந்த ஆங்கிலேயப் படை கண்டியைவிட்டுப் பின்வாங்கி, வத்தேகமைக்குச் செல்லும் வழியிலேயுள்ள வட்டபுலுவத் துறையை அடைந்தது. தென்மேல் மழையினால் மகாவலி பெருகி ஓடிற்று. கடக்க இயலாது நின்ற படை அங்கேயே ஒழிந்தது. ஒரு பருவக்காற்றும் ஓர் ஆறும் ஒரு பேரரசின் படையைத் தடுத்த இடம் அது. இன்று நாம் பேருந்தில் அவ்விடத்தைச் சில நிமிடங்களிற் கடந்துபோகிறோம்.

கண்டியின் அரசகட்டிலும் மலைக்கப்பாலுள்ள உலகோடு உறவற்றதாய் இருக்கவில்லை. 1739 முதல் மதுரையிலிருந்து வந்த நாயக்க வமிசத்தாரே அங்கு அரசு செலுத்தினர். அவர்களுள் இறுதியானவரை நீக்கி 1815ஆம் ஆண்டு மாசி மாதம், அஃதாவது மார்ச் 2ஆந் திகதி, கண்டிப் பிரதானிகளோடு ஆங்கிலேயர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கண்டி வீழ்ந்தது பிரதானிகளின் பிளவினாலேயன்றி மலை தாழ்ந்ததனாலன்று. இங்கும் நிலம் வழி திறந்தது, அடைத்தது, முடிவுசெய்தவர் மனிதரே.

உலகத்துச் செடிகள் கூடிய மலை

அரணை உடைப்பதற்கு ஆங்கிலேயர் கையாண்ட ஆயுதம் வீதி. 1820க்குப் பின்னர் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கண்டிக்குப் பெருந்தெரு அமைப்பித்தார். தெரு வந்தது, அதன்வழியே கோப்பி இறங்கிச் சென்றது.

கோப்பியின் பிறப்பிடம் எதியோப்பிய மலைநாடு. அது அரேபியர் வாயிலாக உலகெங்கும் பரவியது. கம்பளைக்கருகே சிங்காப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பாரும், கன்னொறுவையிலே தேசாதிபதி பார்ன்ஸ் தாமும் 1820களிற் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். அதன் வளர்ச்சிக்குக் காரணம் நமது மண் மாத்திரமன்று. மேற்கிந்தியத் தீவுகளிலே 1834 முதல் 1838 வரை அடிமைமுறை நீக்கப்பட்டபோது அங்கே கோப்பி விளைவு குன்றிற்று. 1835இல் கீழ்நாட்டுக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவிலே சுங்கவரி சமமாக்கப்பட்டது. கரிபியன் கடலின் அடிமை விடுதலை பெற, நமது மலையிலே காடு எரிந்தது. உலகப் பிரதேசங்கள் படத்திலே தனித்தனி நிறமாயிருப்பினும், உண்மையில் ஒன்றின் நாடி மற்றொன்றிலே துடிக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியன என்று கொள்வதற்கு வழிசெய்தது. பல தலைமுறைகளாக அனுபவித்த காட்டுக்குக் கண்டிக் கிராமத்தான் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? நிலம் விற்கப்பட்டது, உத்தியோகத்தர்களும் வாங்கினர். கிராமத்தான் காட்டை இழந்தான். எனினும் அவனுக்கு வயல் மிஞ்சியது. வயலுடையவன் துரைமாரின் தோட்டத்திலே கூலிக்கு நிற்பதற்கு மனங்கொள்ளவில்லை. எனவே அக்கரையிலிருந்து ஆட்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் வாயிலே இந்நாடு "கண்டிச் சீமை" ஆயிற்று.

சிங்கள உழவனின் நிலத்தை நம் முன்னோர் பறிக்கவில்லை. நம் முன்னோரை இங்கு வரும்படி சிங்கள உழவன் அழைக்கவுமில்லை. ஒருவன் காட்டை இழந்தான். மற்றவன் ஊரை இழந்தான். இருவர் இழப்பின்மேலும் எழுந்தது தோட்டம். பக்கத்துப் பக்கத்தே வாழும் இரு சாராரும் இதனை அறிந்திருப்பரேல், பின்வந்த நாட்களின் கசப்புகள் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

ஐந்திணை கடந்த பாதை

நம்மவர் வந்த வழியைத் தமிழ்க் கண்கொண்டு நோக்கினால் ஐந்து திணைகளையும் அதிலே காணலாம். காவேரிக் கரையின் வயல்சார்ந்த மருதத்தை அயலிற்கொண்ட கிராமங்களிலிருந்து அவர்கள் புறப்பட்டனர். மழை பொய்த்துப் பாலையாய்த் திரிந்த செம்மண் வெளிகளிற் கங்காணியின் பின்னே கால்நடையாக நடந்தனர். பிரிவே பாலைக்குரிய ஒழுக்கம் என்றனர் நம் புலவர்; இவர்களுக்கு அது புலவர் கற்பனையன்று. மண்டபம், இராமேசுவரம் முதலிய கரைகளை அடைந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர், அது நெய்தல். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையும் சுமார் 200 கிலோமீற்றர், பெரும்பகுதியும் காடு, அது முல்லை. அக்காட்டிலே நீரின்மையும் மலேரியாவும் காட்டு விலங்கும் காத்திருந்தன. வாந்திபேதியும் அம்மையும் பசியும் பலரைக் கொண்டுபோயின. நடக்க இயலாதவர் வழியிலே விடப்பட்டனர். எஞ்சியோர் மாத்தளையை அடைந்து மலையைக் கண்டனர், அது குறிஞ்சி.

மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் மாசிமகப் பஞ்சரத பவனியைக் காணச் செல்லும் நாம், அவ்வூர் நம் முன்னோரின் நெடுநடை முடிந்த வாயில் என்பதையும் நினைத்தல் தகும். அம்மை நோய்க்கு அஞ்சி நடந்தவர்கள், நடந்து முடிந்த இடத்திலே மாரியை வணங்கியது இயல்பே. பின்னர் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கல்லோ சூலமோ நாட்டி அவளை எழுந்தருளச் செய்தனர். குறிஞ்சிக்கு முருகன் தெய்வமென்பது இலக்கண மரபு. நமது குறிஞ்சியிலோ முருகனோடு மாரியும் வந்து குடியேறினாள். மக்கள் இடம்பெயர்ந்தால் கருப்பொருளும் உடன் நடந்துவரும் போலும்.

1867இல் புகையிரதம் கொழும்பிலிருந்து கண்டியை அடைந்தது. 1880இல் வத்தேகமை வழியாக மாத்தளை வரை நீண்டது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பற்சேவையும் தொடங்கின. இவற்றால் நடை குறைந்தது. எனினும் கடன் குறையவில்லை. வழிச்செலவும் முற்பணமும் தொழிலாளியின் பேரிலே கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போவதற்குக் கடன்தொகை குறித்த "துண்டு" வேண்டியிருந்தது. 1921இலேதான் அத்துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கோப்பி போயிற்று, தேயிலை வந்தது

1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. இலைத்துரு என்னும் அப்பூஞ்சண நோய் தோட்டந்தோட்டமாகப் பரவி, இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலை நாசமாக்கிற்று. மலை முழுவதும் ஒரே செடியை நட்டமையால் நோய்க்கு வழி எளிதாயிற்று. சிலர் அந்தீஸ் மலையின் சிங்கோனாவை நட்டனர். சிலர் அமெரிக்காவின் கொக்கோவைத் தும்பறையில் நட்டனர். முடிவில் வென்றது சீனத்துக்கும் அஸ்ஸாமுக்குமுரிய தேயிலை. கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867இல் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டிருந்தார்.

ஒரு செடி போய் மற்றொரு செடி வந்தது என்று பாடநூல் ஒரு வரியிற் சொல்லும். ஆனால் அவ்வொரு வரி நம் மக்களின் தலைவிதியையே மாற்றியது. கோப்பி பருவத்திற் பழுப்பது. பழம் பறிக்கும் காலத்தில் வந்தவர் பலர், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து. சில நாட்களுக்கொருமுறை அதே செடியிடம் மீண்டும் போதல் வேண்டும். ஆகவே ஆடவர் மாத்திரமன்றிப் பெண்களும் பிள்ளைகளும் வந்து நிலையாகத் தங்கினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாயமைந்த லயம் நிரந்தர வீடாயிற்று. வந்துபோகும் கூலியைக் குடியாக்கியது தேயிலையின் இயல்பு. ஆனால் குடியாக வாழ்ந்தவரைக் குடிமக்களாக ஏற்காது விட்டது செடியின் இயல்பன்று, மனிதரின் செயல்.

இத்தகைய கதை நமக்கு மாத்திரம் உரியதுமன்று. அஸ்ஸாமின் தேயிலைக்கு சோட்டா நாக்பூர்ப் பீடபூமியின் பழங்குடியினர் கொண்டுசெல்லப்பட்டனர். டார்ஜிலிங் மலைகளில் நேபாளிகள் குடியேறினர். மொரீசியசின் கரும்புக்கு 1834 முதலும், பின்னர் நாட்டாலுக்கும் பீஜிக்கும் மலாயாவுக்கும் இந்தியத் தொழிலாளர் கப்பலேறினர். அந்நாடுகளின் படத்திலே சீனி என்றும் இறப்பர் என்றும் எழுதியிருக்கும் சொற்களைக் காணுந்தோறும், அவற்றின் பின்னாலும் நம்மைப்போன்ற ஒரு கூட்டம் நிற்பதை நாம் நினைத்தல் வேண்டும்.

சட்டம் கீறிய எல்லை

இயற்கை கீறிய எல்லைகளைக் கடந்துவந்தவர்கள், இறுதியிலே காகிதத்திற் கீறிய எல்லையைக் கடக்க முடியாது தவித்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் பிரசாவுரிமையற்றவராயினர். மறுவருடம் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே சிறிமாவோ பண்டாரநாயக்கா, லால் பகதூர் சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974இல் முடிவாயிற்று. கொழுந்து நிறுப்பதுபோல் மக்கள் நிறுக்கப்பட்டனர். தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்பே, இங்கு எஞ்சிய நாடற்றோர் பிரச்சினைக்குப் பெரும்பாலும் முடிவு உண்டாயிற்று.

"ஊருக்கு" என்று அனுப்பப்பட்டவர்கள் எங்கே போயினர்? இதிலே பூமிசாத்திரம் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. சமவெளி அவர்களுக்கு அந்நியமாயிருந்தது. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களுக்குப் பலர் ஏறிச்சென்றனர். தாயகம் திரும்பியோர்க்கென 1968இல் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னர் "டான்டீ" எனப்படும் கழகமாயிற்று. அங்கும் அவர்கள் கொழுந்தே பறித்தனர். சட்டம் அவர்களைத் துறையூரார் என்றது. அவர்களுடைய கையும் காலும் நெஞ்சும் மலையாராகவே இருந்தன. மருதத்திலே பிறந்தவரின் பேரப்பிள்ளைகள் குறிஞ்சி மாந்தராய் மாறிவிட்டமைக்கு இதைவிட உறுதியான பத்திரம் வேறில்லை.

இன்று நாம் செய்யத்தக்கது

மலை இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது. வத்தேகமைக்கும் கண்டிக்கும் இடையே பொல்கொல்லையில் 1976இல் மகாவலி மறிக்கப்பட்டது. அதன் நீரிலொரு பகுதி சுமார் எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக மலையைத் துளைத்து உக்குவெலையில் மின்சாரம் தந்து, போவத்தென்னையைக் கடந்து, தம்புள்ளைப் பக்கத்து உலர்வலய வயல்களுக்கு ஓடுகின்றது. நம் முன்னோர் நீரின்றி நாவறண்டு நடந்த அந்த வடக்குப் பக்கத்துக்கு இன்று நமது மலைநீர் போகிறது என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கின்றது. 1985இல் இயங்கத் தொடங்கிய விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகர் நீருள் மூழ்கிற்று. அங்கும் மக்கள் ஊரை இழந்தனர்.

மலையின் கோபத்தையும் நாம் கண்டுள்ளோம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொணர்ந்த பெருமழையில், கண்டி மாவட்டம் உட்பட மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்து பலர் மாண்டனர். மழை இயற்கையின் செயல். ஆனால் எவர் வீடு சரிவின் அடியிலே நிற்கிறது என்பது இயற்கையின் தீர்ப்பன்று. அங்கே வீடு கட்டுவதற்கு வேறு நிலம் இல்லாமையே அதன் காரணம். முற்காலத்திற் பஞ்சத்தைப்பற்றி நாம் கண்ட உண்மையே இங்கும் உண்மையாகின்றது.

ஆதலால் இளைஞராகிய நாம் செய்யத்தக்க காரியங்கள் சில உள. முதலாவது, நம் தோட்டத்தையும் கிராமத்தையும் படமாக வரையப் பழகுவோம். எந்த ஊற்று எங்கே பிறக்கிறது, எந்தச் சரிவு முன்பு வெடித்தது, எந்தக் கோவிற்கல்லை யார் நாட்டினர் என்பவற்றை முதியோரிடம் கேட்டு அப்படத்திலே குறிப்போம். அவர்களோடு அச்செய்திகளும் மறைந்துபோகாமற் காப்பது நமது கடன். இரண்டாவது, அயலிலுள்ள சிங்களக் கிராமத்து இளைஞரையும் அப்பணியிலே சேர்த்துக்கொள்வோம். ஒரே மலையின் கதையைப் பாதிப்பாதியாக அறிவதால் ஒருவருக்கும் நன்மையில்லை. மூன்றாவது, குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி பெறும் முயற்சியிலே நம்மால் இயன்ற எழுத்துதவியைப் பெற்றோருக்குச் செய்வோம். மரக்கறித் தோட்டமும் வீடும் தன் பெயரில் உடையவனே தான் வாழுமிடத்தை ஊர் என்று துணிந்து சொல்வான்.

அன்று நான் எழுதிய பாடசாலைக் கட்டுரையில் ஒருபோதும் கண்டறியாத துறையூரை என் ஊரென எழுதினேன். ஆசிரியர் நல்ல புள்ளிகள் இட்டார். இன்று அக்கட்டுரையை மீண்டும் எழுதுவேனாயின், துறையூரை மறவாது, அது என் முன்னோர் புறப்பட்ட இடம் என்று முதல் வரியிலே எழுதுவேன். அடுத்த வரியில், என் ஊர் வத்தேகமை என்று எழுதுவேன். கொண்டுவானாக் காலத்துக் கல்லும், தென்மேல் காற்றின் மழையும், எதியோப்பியாவும் சீனமும் அனுப்பிய செடிகளும், கண்டி உழவனின் காடும், எம்மவரின் கையும் காலும் சேர்ந்து ஆக்கிய ஊர் அது. அப்பாயி இருந்திருப்பாராயின் அதனை அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்.